அரை மணி நேரம் கேட்டு வாங்கிய பெட்டி

அக்காவின் காது முழுதாகப் போய்விட்டது என்பது ஐந்தருவியில்தான் எனக்குத் தெரிந்தது. சாரல் சீசன், நல்ல கூட்டம். குளிக்க வந்தவர்களின் எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கிவிடாமல் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அருவிக்கு இருபதடி தள்ளி நின்றுகொண்டு, "தண்ணி வரலையாலே?" என்று கேட்டாள். பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூட எனக்குக் கேட்கவில்லை, அவ்வளவு இரைச்சல். இன்னும் நாலு எட்டு நடத்திப்போய்ச் சாரலில் நிறுத்தினேன். முகத்தில் தண்ணீர் பட்டதும் சிரித்தாள். எனக்குச் சிரிக்க வரவில்லை.

அவளுக்கு எட்டாம் வகுப்போடு கண் போயிற்று. காதும் ஒருநாள் போகும் என்று டாக்டர் அப்போதே சொல்லிவிட்டார். அந்த நாளுக்கென்று எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிரெயில் பெட்டி. அதைக் கணினியில் சொருகினால், திரையில் உள்ள எழுத்து பெட்டியின் மேல் சின்னச் சின்ன முனைகளாக எழும்பும். விரலால் தடவிப் படிப்பாள். கடையநல்லூர் நண்பன் ஒருவன் வளைகுடாவில் வேலை பார்த்தபோது, யாரோ வேண்டாம் என்று ஒதுக்கியதை வாங்கிவந்து கொடுத்தான். அதைச் செய்த கம்பெனி மூடி வெகுகாலம் ஆகிறது. புதிது வாங்குவது எங்கள் சக்திக்கு மீறியது. அரசாங்கத்துக்குக் கொடுத்த மனு எந்த மேசையில் கிடக்கிறதோ.

பழைய கணினி செத்துப் புதியது வாங்கியபோது பெட்டி தகராறு செய்தது. முனைகள் எழும்பின, ஆனால் எல்லாம் குப்பை. "ஏலே, இது எந்த ஊரு பாஷை?" என்று கத்தினாள். நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குத் தென்காசி வீட்டில் உட்கார்ந்தபடியே மென்பொருள் எழுதுகிறவன். கணினிக்கும் சாதனத்துக்கும் நடுவில் நின்று பேசும் டிரைவர்களை எழுதுவதுதான் பிழைப்பு. ஆகவே காரணம் அன்றைக்கே புரிந்துவிட்டது.

பெட்டிக்குள் ஒரு சீரியல் போர்ட் சில்லு இருக்கிறது. அதன் வழியாக எழுத்துகள் துணுக்குத் துணுக்காக, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். எந்த வேகத்தில் என்பதில் இரண்டு பக்கமும் ஒத்துப்போக வேண்டும். இந்தச் சில்லோ பிரபலமான ஒரு சில்லின் போலி. வெளியே காட்டும் அடையாள எண் ஒன்றுதான், உள்ளே ஓடும் வேகம் மட்டும் வேறு. ஒரே ஆதார் எண்ணோடு இரண்டு பேர் வந்து நிற்கிற மாதிரி. பழைய கணினியில் பெட்டிக் கம்பெனியின் சொந்த டிரைவர் இருந்தது, அது புதிய கணினியில் ஏறாது. புதியதில் இருந்தது உலகம் முழுக்க அந்த வகைச் சில்லுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான டிரைவர். அதற்குத் திருத்தம் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். பார்த்து ஏற்றுக்கொள்ள ஒரு பொறுப்பாளர் உண்டு. ஏதோ குளிர்நாட்டுக்காரர், நான் முகம் பார்த்ததில்லை.

அந்த டிரைவரின் நகலை எடுத்து, வேகக் கணக்கை மாற்றி, அக்காவின் கணினியில் மட்டும் போட்டேன். வேலை செய்தது. காது போன பிறகு எங்கள் பேச்சு முழுவதும் அந்தப் பெட்டி வழியாகத்தான் நடந்தது. நான் தட்டச்சு செய்வேன், அவள் தடவிப் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வாள். இணையத்தில் வரும் பேப்பர் முழுக்கப் படித்துவிட்டு என்னிடம் அரசியல் சண்டை போடுவாள். பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள்.

அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் போதெல்லாம் என் திருத்தம் அழிந்துபோகும், மறுபடி போட வேண்டும். எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இதை அவளுக்கு யார் செய்வார்கள், திருத்தம் பொது டிரைவருக்குள்ளேயே போய்விட்டால் கவலை விட்டது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன். அது பாதி நிஜம். அந்த டிரைவருக்குத் திருத்தம் எழுதியவர்கள் பட்டியலில் என் பெயர் வர வேண்டும் என்ற அரிப்புதான் மீதிப் பாதி.

அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். அன்று பிரானூர் பார்டர் போய்ப் பரோட்டா வாங்கிவந்து அக்காவோடு சாப்பிட்டேன். ஒன்றிரண்டு மாதம்தான், புகார்கள் வரத் தொடங்கின. எங்கோ ஒரு பால் பண்ணையின் எடை மெஷின் உளறுகிறதாம், யாரோ ஒருவரின் தொலைநோக்கி திரும்ப மாட்டேன் என்கிறதாம். அசல் சில்லுகளில் சிலவற்றையும் போலி என்று நினைத்து, என் திருத்தம் அவற்றின் வேகத்தையும் மாற்றியிருக்கிறது. பொறுப்பாளர் அதை நீக்கிவிட்டார். ஒரு சாதனத்துக்காக மற்றவற்றைக் கெடுக்க முடியாது, உங்களுடையதைப் பிரித்துக்காட்ட நிச்சயமான வழி இருந்தால் மறுபடி அனுப்புங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி. எனக்கு எரிச்சலே அதனால்தான்.

அக்காவின் கணினியில் மட்டும் என் திருத்தத்தைப் பழையபடி நானே போட்டுக்கொடுத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, அக்கா பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். கடையம் பக்கம் தென்னந்தோப்பில் யானை இறங்கிய செய்தி. திரையில் குறுக்கே தட்டினேன்: "யக்கா, பெட்டியை அரை மணி நேரம் குடு."

"நல்ல நேரம் பாத்து வருதியே. சீக்கிரம் குடுத்துரு. யானை மலைக்குத் திரும்பிப் போச்சான்னு பாக்கணும்" என்று சொல்லிப் பெட்டியைத் தள்ளிவிட்டாள்.

போலியை அசலிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளம் ஒன்றைத் தேட வேண்டும், ஆனால் அந்தச் சில்லுக்கு விவரக் குறிப்பு என்று எதுவும் கிடையாது. ஆகவே ஒவ்வொரு கட்டளையாக அனுப்பி, என்ன பதில் வருகிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். கைவசம் ஒன்றே ஒன்று இருக்கும் பொருளில் இப்படித் தட்டிப் பார்க்கக் கூடாது. ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான். சில கட்டளைகளுக்குப் பதில் வந்தது, சிலவற்றுக்கு வரவில்லை. அடுத்து ஒன்று அனுப்பினேன். அது சில்லிடம் எதையும் கேட்கும் கட்டளை அல்ல. அடையாள எண்ணோடு சேர்த்துச் சில்லின் நினைவையே அழிக்கும் கட்டளை. அதன்பிறகு, அப்படியொரு பெட்டி சொருகப்பட்டிருப்பதே கணினிக்குத் தெரியவில்லை. கழற்றி மாட்டினேன். வேறு கணினியில் போட்டேன். அங்கேயும் தெரியவில்லை.

"முடிஞ்சுதாலே?" என்று ஜன்னலோரத்திலிருந்து கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல என்னிடம் இருந்த ஒரே வழி என் கையில் செத்துக் கிடந்தது. பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தேன். தென்காசி பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் ரிப்பேர் செய்கிறவர் மூடியைத் திறந்து, பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். "அண்ணாச்சி, இதுக்கு மாத்துச் சில்லு எங்கயும் கெடைக்காது. வேற சில்லு வச்சாலும் அதோட கம்பிக் கால் இதுல பொருந்தாது. பேசாம கொண்டு போயிருங்க" என்றார்.

நான் திரும்பிவரச் சாயங்காலம் ஆகிவிட்டது. அக்கா அதே ஜன்னலோர நாற்காலியில் இருந்தாள். என் காலடி அதிர்வு தெரிந்திருக்க வேண்டும், இரண்டு கையையும் நீட்டினாள். பெட்டியை அவள் மடியில் வைத்தேன். விரலை வைத்துத் தடவினாள். தட்டையாக இருந்தது. மறுபடி தடவினாள்.

"ஒண்ணும் வரலையேலே. சொருகலையா?"

எட்டாம் வகுப்புவரை கண்ணால் படித்தவள்தானே, எழுத்தின் வடிவம் மறந்திருக்காது என்று அவள் உள்ளங்கையைப் பிரித்து என் விரலால் எழுதினேன்: நான்தான் கெடுத்தேன். இதற்குமுன் நாங்கள் இப்படிப் பேசியதே இல்லை, தேவைப்படவும் இல்லை.

"மெதுவா எழுது. ஒண்ணும் வெளங்கல."

ஒவ்வொரு எழுத்தாக மறுபடி எழுதினேன். "நான்... நீதான். நீ என்னலே?" என்றாள். மிச்சத்தை மூன்றாவது முறையாக எழுத வேண்டியிருந்தது. அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. படித்து முடித்ததும் கையை மூடிக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவளே மறுபடி கையை நீட்டினாள். "சரி. அந்த யானை என்னாச்சு? பாதில குடுத்தேன்லா."

செல்போனில் அந்தச் செய்தியைத் தேடி எடுத்தேன். அவள் விட்ட இடத்திலிருந்து இன்னும் பதினோரு வரி இருந்தது. முதல் வரியை எழுதினேன். ஒவ்வொரு சொல்லையும் திருப்பிச் சொன்னாள், பாதி தப்பு, அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். இரண்டாம் வரியின் நடுவில் மெல்லக் கையை இழுத்துக்கொண்டாள்.

"போதும்லே. ஒனக்குக் கை வலிக்கும்."

யானை மலைக்குத் திரும்பிப் போய்விட்டது என்பது கடைசி வரியில் இருந்தது.