தேர் வடத்தை விட்ட கை

எங்கள் தேயிலைத் தோட்டத் தலைவர் என் புருஷனைத் தேர் வடத்திலிருந்து விரட்டினார். மைக்கில், ஊரே கேட்கச் சொன்னார்: "கால் வீங்குனவங்க வடத்தத் தொடாதீங்க. மத்தவங்களுக்கு ஒட்டிக்கும்." கால் வீங்கியவர் தோட்டத்தில் ஒரே ஆள்தான். அவர் வடத்தை விட்டார். வேட்டியை இறக்கிக் காலை மூடிக்கொண்டு லயத்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு கோயில் பக்கம் போவதே இல்லை.

பல வருஷம் கொழும்பில் கடையில் நின்றவர் அவர். சாக்கடை வாய்க்காலை ஒட்டிய அறையில் மூட்டைகள்மேல் படுக்கை. கொசுவலை கிடையாது. முதலாளி கடையையே மூடிவிட்டதும் இங்கே வந்து புல் வெட்டப் போனார். கால் வீங்கியபோது அட்டைக்கடி என்றுதான் நினைத்தேன். மலையில் அட்டை கடிக்காத கால் எது? புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் கட்டினேன். தோல் வெந்து வெடித்தது. நீர் வடிந்தது.

எனக்குப் பயம் பிடித்தது. அவர் தட்டையும் டம்ளரையும் பிரித்து வைத்தேன். பீலியில் எல்லோரும் தண்ணீர் பிடித்துப் போனபிறகு அவற்றைத் தனியாகக் கழுவினேன். லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள் பார்த்துவிட்டாள்.

"என்னடி, புருஷனுக்குத் தனி டம்ளரா? அந்தக் காலத்துல டீக்கடையில நமக்கு வச்ச மாதிரி?"

"சும்மா போக்கா."

அவள் சிரித்தாள். தலைவர் காதுக்கு அங்கிருந்துதான் போயிருக்கும்.

திருவிழா முடிந்து காய்ச்சல் கூடியபிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். புழுவால் வந்த வீக்கமாக இருக்கலாமாம்; அதன் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் ஓடுமாம். ராத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். யானைக்கால். டாக்டர் அம்மா சொன்னார்: "அழுக்குத் தண்ணிக் கொசு ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தருக்குக் கொண்டுபோற புழு. வருஷக்கணக்கா கடி வாங்கினாத்தான் வரும். தொட்டா ஒட்டாது. மாத்திரை புழுவுக்கு. வீக்கம் முழுசா வத்தாது. சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குல ஈரமில்லாம துடைங்க. உக்காரும்போது காலத் தூக்கி வைங்க. புகையிலைய யாரு கட்டச் சொன்னது?"



இப்போது தினமும் நான்தான் காலைக் கழுவுகிறேன். தட்டுகளை ஒன்றாகத்தான் அடுக்குகிறேன். அவர் மட்டும் அந்தப் பழைய தட்டைத் தேடி எடுத்துக்கொண்டு தள்ளி உட்கார்கிறார். "பழகிருச்சு" என்கிறார்.

தலைவரே, வருகிற திருவிழாவில் அதே மைக்கைப் பிடியுங்கள். நான் தட்டைப் பிரித்த கதையை முதலில் நானே சொல்கிறேன். அடுத்தது நீங்கள். தொட்டால் ஒட்டும் என்று உங்களுக்கு எந்த டாக்டர் சொன்னார்? என் புருஷன் கை வடத்தில் இருக்கும்போதே, எல்லோர் முன்னாலும் பதில் சொல்லுங்கள்.