மேவிஸ் வாய் மூடிய ஐந்து வாரம்

காலை ஆறரை மணிக்கு மேவிஸ் ட்ரெங்கோவ் நான்காம் அடைப்புக்குள் முட்டி போட்டுக்கொண்டு, ஒரு கையில் இடுக்கியும் மறு கையில் பிளாஸ்டிக் உறையுமாகப் புழுக்கை பொறுக்கிக்கொண்டிருப்பார். கை வேலை செய்யும்போது வாய் சும்மா இருப்பதில்லை.

“ஏய் க்வெண்டா, நேத்து என்னத்தடி தின்ன? தொட்டா மணல் மாதிரி உதிருது. காளானத் தோண்டித் தின்னுன்னு ரெண்டு நாளா கத்திட்டிருக்கேன், காதுல விழுதா?”

பத்தடி தள்ளிப் புதருக்கடியில் புல்லைச் சுருட்டிக் கட்டிய கூட்டுக்குள் க்வெண்டா தூங்கிக்கொண்டிருக்கும். இரவெல்லாம் தத்தித் திரிந்த வோய்லி அது. எலி முகமும் கங்காருக் கால்களும், வாலில் வைக்கோலைச் சுருட்டித் தூக்கிப் போகும் சாமர்த்தியமும் உள்ள பிராணி. முயலை விடச் சின்னது. மேவிஸின் கூச்சலுக்கு அது காதைக்கூட அசைப்பதில்லை.

மேவிஸுக்கு வயது அறுபத்து மூன்று. அதில் இருபத்தாறு வருடம் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகைகளில் சமையல். இயந்திரங்களின் இரைச்சலையும் நாய்களின் குரைப்பையும் தாண்டி, ‘சோறு ரெடி’ என்று முப்பது ஆண்களுக்குக் கேட்கும்படிச் சொல்ல வேண்டிய வேலை. அங்கே எங்கேயோ அவர் குரலைக் குறைக்கும் திருகு கழன்று விழுந்துவிட்டது. இப்போது மெல்லிங்கப் என்ற சிற்றூரின் கறிக்கடையில் அவர் அரைக் கிலோ ஆட்டுக்கறி கேட்டால், எதிர்வரிசைத் தபால் நிலையத்துக்கும் அன்றைய சமையல் என்னவென்று தெரிந்துவிடும்.

எட்டு வருடமாக, ஊருக்கு வெளியே நரியும் பூனையும் நுழையாதபடி மின்வேலி போட்ட காட்டுக்குள் வோய்லிகளைப் பெருக்கும் காப்பகத்தில் வேலை. மொத்தம் முப்பத்து நான்கு வோய்லிகள். பதிவேட்டில் அவற்றுக்கு எண்கள்தான் உண்டு. பெயர் வைக்கக் கூடாது என்று விதி. மேவிஸ் எல்லாப் பெட்டைகளுக்கும் பெயர் வைத்திருக்கிறார். அத்தனையும் ஊர்ப் புல்வெளிப் பந்து மன்றத்தில் அவருக்குப் பிடிக்காத பெண்களின் பெயர்கள். பதினேழாம் எண் க்வெண்டா. நிஜ க்வெண்டாவுக்கும் இது தெரியும். “என் பேர்ல உள்ளது எப்படி இருக்கு?” என்று மன்றத்தில் கேட்பதுண்டு. “உன்னைவிட நல்ல குணம். சாப்பிட்ட இடத்தைச் சுத்தமா வச்சிருக்கு” என்பார் மேவிஸ்.

பொறுக்கிய புழுக்கை தேதியும் எண்ணும் எழுதிய உறைகளில் குளிர்ப்பெட்டிக்குப் போகும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெர்த் நகரிலிருந்து பிரிஜிட் ஹாலோரன் என்ற ஆராய்ச்சிக்காரி வந்து அள்ளிக்கொண்டு போவாள். பிராணி மிரண்டால் ரத்தத்தில் கார்டிசால் ஏறும், அதன் மிச்சம் புழுக்கையில் இறங்கும், அதை அளந்தால் முந்தின நாள் அது எவ்வளவு மிரண்டது என்று தெரியும். பிரிஜிட் இதை முதல்முறை விளக்கியபோது மேவிஸ் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப பயச்சாறுன்னு சொல்லு கண்ணு” என்றார். அன்றிலிருந்து காப்பகம் முழுவதும் அதற்குப் பெயர் பயச்சாறு.

பயச்சாறைப் பற்றி மேவிஸுக்குச் சொந்தமாகவே சில உதாரணங்கள் உண்டு. வேலிக்குள் மார்டோ என்று எலி போன்ற ஒரு பைப்பிராணியும் இருக்கிறது. வருடத்தில் இரண்டு வாரம் அதன் ஆண்களுக்குச் சோறு தூக்கம் கிடையாது. இணை தேடி ஓடுவது மட்டும்தான். அந்தச் சாறு உச்சிக்கு ஏறி, வயிறு புண்ணாகி, நோய் தாக்கி, ஒன்று பாக்கியில்லாமல் எல்லா ஆண்களும் செத்துப்போகும். தீவன அறை வாசலில் கிடப்பவற்றை மேவிஸ் துடைப்பத்தால் ஒதுக்குவார். “என் மொத புருஷனும் இதே மாதிரிதான் ஓடினான். ஆனா சாகல. பன்பரி ஊர்ல ரெண்டு வீடு வாங்கியிருக்கான்.”

வோய்லித் தாயின் விஷயம் வேறு. நரி துரத்தினால் அதன் வயிற்றுப் பை தளரும், உள்ளே இருக்கும் குட்டி மண்ணில் விழும், தாய் தப்பிவிடும். இதைக் கேட்டுப் பார்வையாளர்கள் முகம் சுளிப்பார்கள். மேவிஸுக்குக் கோபம் வரும். “ரெண்டும் சாகணுமா, ஒண்ணு சாகணுமா? வயித்துல பாரத்தோட நீ ஓடிப் பாத்திருக்கியா? அதுக்குக் கருப்பைக்குள்ள இன்னொண்ணு விதை மாதிரி காத்திட்டிருக்கு. மூணு வாரத்துல பொறக்கும். யோசிக்காம தூக்கிப் போடறதில்ல அவ.” ஆனால் சும்மா சும்மா மிரண்டுகொண்டே இருக்கும் தாய்க்கு அந்த இருப்பும் ஒருநாள் தீரும் என்பதும் அவருக்குத் தெரியும்.

போன மார்ச் மாதம் மேலிடத்துக் குழு ஒன்று பார்வையிட வந்தது. காரிலிருந்து இறங்கியதுமே, ஆறாம் அடைப்பில் மேவிஸ் யாரோ ஒரு டோரதியைத் திட்டிக் கிழித்துக்கொண்டிருந்தது அவர்கள் காதில் விழுந்தது. அதைக் குறித்துக்கொண்டார்கள். மறு வாரம் மேலாளர் டாரில் விக்ஸ் நான்கு பக்கச் சுற்றறிக்கை ஒன்றை ஒட்டினான். தலைப்பு, அமைதிக் கொள்கை. அடைப்புகளுக்குள் பேச்சு கூடாது. மெத்தென்ற அடிப்பாகம் உள்ள செருப்பு அணிய வேண்டும். தகவலைக் கைச்சைகையால் தெரிவிக்க வேண்டும். இதை எல்லோருக்கும் விளக்க ஒரு கூட்டம் போட்டு, பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்று ஒலிபெருக்கி வைத்துப் பேசினான்.

“இத்தனை வருஷம் கத்தினேனே, யாராவது செத்தாங்களா?” என்று கேட்டார் மேவிஸ்.

“உங்களை யாரும் குத்தம் சொல்லல மேவிஸ். குட்டிங்களுக்கு நல்லது, அவ்வளவுதான்.”

குட்டிகளுக்கு நல்லது என்றால் மேவிஸுக்கு அப்பீல் கிடையாது. புதுச் செருப்பு வாங்கினார். வாயை மூடினார்.

அந்த ஐந்து வாரமும் அவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. வேலைநேரத்தில் அடக்கியதையெல்லாம் கறிக்கடைக்காரனிடம் ஒரு மணி நேரம் நின்று கொட்டினார். ரத்த அழுத்தம் ஏறியது. மருத்துவர், மனதுக்கு இதமாக எதையாவது செய்யச் சொன்னார். அடைப்புக்குள் பூனைபோல நடந்து, புழுக்கை பொறுக்கி, பூனைபோல வெளியே வந்தார். முன்பெல்லாம் அசையாமல் தூங்கிய வோய்லிகள் இப்போது அவர் அருகில் வந்ததும் கூட்டைப் பிய்த்துக்கொண்டு வெடித்துப் பாய்ந்தன. பழகிவிடும் என்று டாரில் சைகையில் சொன்னான்.

இரண்டாம் வாரம் புல்லுக்கிடையில் இடுக்கி எதையோ தொட்டது. புழுக்கை இல்லை. நிலக்கடலை அளவு, ரோமமில்லாத, கண் திறக்காத குட்டி. குளிர்ந்திருந்தது. மேவிஸ் அதைச் சின்னக் குப்பியில் போட்டு எண் எழுதினார். அடுத்த வாரம் இரண்டு. அதற்கடுத்த வாரம் இன்னொன்று. நான்காம் குப்பியில் எண் சரியாக விழவில்லை. சீட்டைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினார். ஜூன் முடிவதற்குள் பன்னிரண்டு தாய்களைப் பையில் குட்டியோடு காட்டில் விட வேண்டும். ஆனால் வயிற்றுப் பைகள் காலியாகிக்கொண்டிருந்தன.

ஐந்தாம் குட்டி நான்காம் அடைப்பில் கிடந்தது. அது அசைந்தது. மேவிஸ் அதை உள்ளங்கையில் வைத்து மூடி, விதியை மறந்து, வேலி அதிரும்படி கத்தினார்.

“டாரில்! வலையும் துணிப்பையும் பிளாஸ்திரியும் எடுத்துட்டு ஓடியா! நடக்காத, ஓடு!”

கூப்பிய கைக்குள் மூச்சை ஊதியபடி, தத்திப்போன தாய் எதுவென்று அவர் பார்த்தார். க்வெண்டா. வலையில் பிடித்துத் துணிப்பைக்குள் தலையை இருட்டாக்கி, டாரில் பிடித்துக்கொள்ள, மேவிஸ் குட்டியின் வாயை முலைக்காம்பில் வைத்தார். ஆறு நிமிடம் ஆயிற்று. குட்டி பற்றிக்கொண்டது. வயிற்றுப் பையின் வாயைப் பிளாஸ்திரியால் ஒட்டினார்கள். “புடிச்சுக்கோடா தங்கம், விட்டுடாத” என்று மேவிஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். டாரில் சைகை எதுவும் செய்யவில்லை.

பிரிஜிட் அந்த வாரமே உறைகளை அள்ளிப் போனாள். சில நாள் கழித்து வந்தபோது தீவன அறையில் நின்றபடியே காகிதத்தை விரித்தாள்.

“சுற்றறிக்கைக்கு முன்னாடி, பின்னாடி. பின்னாடி ரெண்டு மடங்கு.”

“எது ரெண்டு மடங்கு?” என்றான் டாரில்.

“பயச்சாறு.”

அவன் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தான். அப்படியும் சரியாக வரவில்லை.

“மேவிஸ் கத்தும்போது ‘அது மேவிஸ்’னு அதுங்களுக்குத் தெரியும். எங்க இருக்காங்க, எந்தப் பக்கம் போறாங்கன்னும் தெரியும்” என்றாள் பிரிஜிட். “சத்தமே போடாம பக்கத்துல வர்றது யாரு? நரி. நீங்க அவங்களுக்கு நரிச் செருப்பு மாட்டி விட்டுட்டீங்க.”

மேவிஸ் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். ஜெயித்தவர் முகம் அப்படி இருக்காது. “அந்த நாலு குட்டியும் அதனாலதானா?” என்று மட்டும் கேட்டார். அவர் வாயிலிருந்து அவ்வளவு மெல்லிய குரல் வந்ததை அங்கிருந்த யாரும் அதற்குமுன் கேட்டதில்லை.

“அஞ்சு வாரக் கணக்க வச்சு உறுதியா சொல்ல முடியாது மேவிஸ். நீங்க மறுபடி பேசணும். அளந்து பாத்துட்டுத்தான் சொல்லணும்.”

இப்படியாகப் பேசுவது உத்தரவாயிற்று. டாரில் புது அட்டவணை போட்டான்: அடைப்புக்குப் பதினைந்து நிமிடம், இயல்பான குரலில். மறுநாள் காலை மேவிஸ் முதல் அடைப்பில் முட்டி போட்டு வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. எட்டு வருடமாகத் தானாகக் கொட்டியது, அட்டவணையில் ஏறியதும் அடைத்துக்கொண்டது. “க்வெண்டா” என்றார். அது இருப்பது நான்காம் அடைப்பு என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். பந்து மன்றத்துப் பெண்கள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் வழி கண்டுபிடித்தார். அறிவிப்புப் பலகையிலிருந்து அமைதிக் கொள்கையைப் பிய்த்துக்கொண்டு போய், ஒவ்வொரு அடைப்பிலும் முழுத் தொண்டையில் வாசித்தார். “பிரிவு மூணு, உட்பிரிவு ஆ! பணியாளர்கள் எக்காரணம் கொண்டும் குரலை உயர்த்தலாகாது! கேட்டியா டோரதி? உயர்த்தலாகாதாம்!” நான்கு பக்கம், ஆறு அடைப்பு, தினம் இரண்டு வேளை. அலுவலக ஜன்னலைச் சாத்தினாலும் டாரிலுக்குத் தன் வாசகங்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. ஒரு மாதத்தில் சாறு பழைய அளவுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு புல்லில் எதுவும் கிடக்கவில்லை. மாதாந்திரச் சோதனையில் பைக்குப் பை விரலை விட்டுப் பார்த்த மேவிஸ், “இருக்கு... இருக்கு... இதுலயும் இருக்கு” என்று சொன்னதைப் பதிவேடு எழுதியவன் காது அடைக்கக் கேட்டுக்கொண்டான்.

காட்டில் விட வேண்டிய பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்த அன்று பிரிஜிட் இன்னொன்று சொன்னாள். இவை மூன்று வாரம் தனி அடைப்பில், மனிதக் குரலே கேட்காமல் இருக்க வேண்டும்.

மேவிஸ் இடுப்பில் கை வைத்தார். “மறுபடியும் ஆரம்பிக்கறியா?”

“அங்க மின்வேலி இல்ல மேவிஸ். சத்தம் கேட்டா சோறு வரும்னு நெனச்சிட்டு நின்னா ஒரு வாரம் தாங்காது. பயச்சாறு கொஞ்சம் வேணும்.”

“ஏறினா புள்ளயப் போடுது, இறங்கினா நரி வாய்க்குப் போவுது. எவ்வளவுதான் வேணும்? ஒரு கரண்டியா, ரெண்டு கரண்டியா? சொல்லு, அளந்து போடறேன்.”

“அது தெரிஞ்சா எனக்கு வேலையே இருக்காது.”

மேவிஸ் அதை ஒப்புக்கொண்டார். ஒரே ஒரு நிபந்தனை: விடும்போது தானும் வர வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று டாரில் பதில் நிபந்தனை போட்டான்.

ஜூன் மாதத்து மாலை. மழை பெய்து ஓய்ந்த காட்டில் துணிப்பைகளை இடம் விட்டு இடம் வைத்தார்கள். ஒவ்வொன்றின் வாயையும் அவிழ்க்க, ஒவ்வொன்றும் அம்பாகப் பாய்ந்து மறைந்தது. பதினொன்று போயிற்று. கடைசிப் பையிலிருந்து க்வெண்டா வெளியே வந்தது. வயிற்றுப் பை கனத்திருந்தது. நான்கு தத்துத் தத்திவிட்டு நின்றது. மூக்கை உயர்த்தி மோந்தது. பிறகு திரும்பி, வந்த வழியே தத்தி, மேவிஸின் காலணி நுனியில் மூக்கை வைத்து, நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தது.

டாரில் மூச்சை அடக்கிக்கொண்டான். மேவிஸின் உதடு பிரிந்தது; மூடிக்கொண்டது.

பிறகு அவர் காலை மெல்ல விலக்கி, அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.