மஞ்சள் கயிற்றில் வந்த கல்

எங்கள் அம்மா எட்டு வருஷம் கைக்கடிகாரங்களுக்கு வைரக்கல் பதித்தாள். ஆனால் அவள் கையில் ஒரு நாளும் கடிகாரம் கட்டிப் பார்த்ததில்லை. பாவம் என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். கட்டிக்கொண்டு போனால் கேட்டிலேயே கழற்றச் சொல்லிவிடுவார்கள், அதனால்தான்.

ஒரகடத்தில் கார் கம்பெனிகளுக்கு நடுவில், பெயர்ப்பலகைகூட ஒழுங்காக இல்லாத ஒரு கட்டடம் அது. வெளிநாட்டுச் சீமாட்டிகள் கட்டும் கடிகாரங்களின் பொன் வளையங்கள் அங்கே வந்து, கல் பதித்துத் திரும்பிப் போகும். ஒரு வளையத்தில் நூற்றுக்கு மேல் குழிகள். ரவையைவிடச் சற்றே பெரிய கல்லைக் குழியில் இறக்கி, ஓரத்துப் பொன்னை ஊசிமுனை அளவு தள்ளி, கல்லின் மேல் மடித்து அழுத்த வேண்டும். அழுத்தம் கொஞ்சம் கூடினால் கல் விரிசல் விடும். குறைந்தால் எங்கோ ஒரு விருந்தில் எவளோ கையை வீசும்போது உதிர்ந்துவிடும். அழுத்துகிற நேரத்தில் அம்மா மூச்சை நிறுத்திக்கொள்வாளாம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊசியில் நூல் கோக்கும்போதுகூட மூச்சு விடமாட்டாள். பக்கத்தில் இருக்கும் எனக்குத்தான் மூச்சு முட்டும்.

கல்லை விரலால் எடுக்க முடியாது. குச்சி நுனியில் கறுப்பு மெழுகை உருட்டிவைத்து, அதில் ஒட்டவைத்து எடுப்பார்கள். ஏசி குளிரில் மெழுகு இறுகிப்போகும். இறுகினால் எழுந்துபோய் விளக்கில் காட்டி இளக்க வேண்டும் என்பது கம்பெனி சட்டம். அம்மாவுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. மெழுகைக் கழுத்துக் கயிற்றில் ஒரு அழுத்து அழுத்தி எடுப்பாள். உடம்புச் சூட்டில் அது இளகிவிடும்.

அந்தக் கயிற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கம் போட்டுக்கொண்டு உள்ளே போகக்கூடாது என்பதால், கல்யாணமான பெண்கள் தாலியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மஞ்சள் கிழங்கு கோத்த வெறும் கயிற்றோடு வேலைக்குப் போவார்கள். வெளியே வரும்போது அப்படி ஒரு சோதனை நடக்கும். தலையை அவிழ்த்து உதறிக் காட்ட வேண்டும், நகத்தடியைக் காட்ட வேண்டும். கை கழுவிய தண்ணீர்கூடச் சாக்கடைக்குப் போகாது, தொட்டியில் தேக்கிப் பொன்துகளை வடிகட்டுவார்கள். ஆனால் செக்யூரிட்டி அக்கா மஞ்சள் கயிற்றை மட்டும் தொடமாட்டாள். யாரும் எழுதிவைத்த விதி அல்ல. இன்னொருத்தி கழுத்துக் கயிற்றில் கைவைக்க அவளுக்கு மனசு வராது.

நான் அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு வியாழக்கிழமை, மூன்று மணிக்கு வரவேண்டிய அம்மா ஆறு மணிக்கு வந்தாள். வந்ததும் கூந்தலை அவிழ்த்து, வெள்ளை வேட்டியை விரித்து, அதன்மேல் குனிந்து பேன் சீப்பால் வாரினாள். புடவையை உதறினாள், செருப்பைத் தட்டினாள். என்னம்மா தேடுகிறாய் என்று கேட்ட என்னை வேட்டியை மிதிக்காதே என்று தள்ளிவிட்டாள். எல்லாவற்றையும் பார்த்தாளே தவிர, கழுத்தில் கிடந்த கயிற்றைப் பார்க்க அவளுக்கும் தோன்றவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, வாரா வாரம் பூசுவதுபோலக் கயிற்றுக்கு மஞ்சள் பூசிக்கொண்டு வேலைக்குப் போனாள். பிறகு குளிக்கப் போன நான், மஞ்சள் கிண்ணத்தின் ஓரத்தில் அரை மிளகு அளவுக்குக் கறுப்பாக ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். நகத்தால் கீறினேன். உள்ளே மினுக்கென்று ஒரு கல். ஸ்டிக்கர் பொட்டிலிருந்து விழுந்தது என்றுதான் நினைத்தேன். என்னிடம் குன்றத்தூர் கோயில் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் வாட்ச் ஒன்று இருந்தது. பன்னிரண்டுக்கு மேலே அந்தக் கல்லை மெழுகோடு வைத்து, அம்மாவைப் போலவே மூச்சை அடக்கி அழுத்தினேன். அடடா, அன்றைக்கு வகுப்பில் எனக்கு இருந்த மவுசு! கடைசி பெஞ்சிலிருந்தெல்லாம் எழுந்துவந்து பார்த்தார்கள்.

நான்கு மணிக்கு வீட்டுக்கு வந்தால் வீடு தலைகீழாகக் கிடந்தது. சிங்கப்பெருமாள் கோவில் ஷேர் ஆட்டோ ஓட்டும் அப்பா, சவாரியை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அம்மாவைக் காலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டிருந்தார்கள்.

“நாளைக்கு சாயந்திரம் வரைக்கும் டைம் குடுத்துக்கிறாங்கய்யா. கல்லு வரலன்னா ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுப்பாங்களாம்,” என்றாள் அம்மா. “ஏழு வருசம் உக்காந்த சீட்டு. நாலு பேரு சுத்தி நின்னுகினு, எங்க வெச்சிகீறன்னு கேக்குறாங்க.”

“கல்லு இன்னா சைஸ் கீது?” என்றார் அப்பா.

“ரவை கணக்கா கீதுன்னு வெச்சிக்கோயேன்.”

என் இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. போலீஸ் ஜீப்பில் அம்மா உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. கொல்லைப்பக்கம் ஓடி, ஊக்கால் கல்லை நெம்பினேன். கல் தெறித்துவிட்டது. நான்கு கால்களில் தவழ்ந்து தரையெல்லாம் துழாவினேன். கடைசியில் பார்த்தால், ஈரமாக இருந்த என் முழங்காலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. ஓவென்று அழுதுகொண்டே போய் அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா கல்லைப் பார்க்கவில்லை, வாட்சில் ஒட்டியிருந்த கறுப்பு மெழுகைத்தான் பார்த்தாள். கை கழுத்துக்குப் போனது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“ஐயோ, நான்தான்யா எடுத்துகினு வந்துக்கிறேன். கல்லோட மெழுகு கயித்துலயே ஒட்டிகினு வந்துக்கீது.”

“தூக்கி ஏரில போடு,” என்றார் அப்பா. “இப்போ எடுத்துகினு போனா, திருடிட்டு பயந்துகினு குடுக்குறான்னுதான் சொல்லுவாங்க.”

“போட்டா மட்டும் விட்டுடுவாங்களா? நூத்திப் பன்னண்டு குழியில ஒண்ணு மட்டும் காலியா கீதுய்யா. எல்லாம் ஒரே நெறத்துக்குப் பொறுக்குன கல்லு. வேற வெச்சா பொய்ப்பல்லு மாதிரி தெரியும்.” கயிற்றைப் பிடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “கயித்துல வந்துச்சுன்னு சொன்னா, நாளையிலேர்ந்து அத்தினி பொம்பளைங்களும் கயித்தையே கழட்டிட்டுப் போவணும். என் மூஞ்சியில முழிப்பாங்களா?”

சனிக்கிழமை காலை ஷிப்டுக்கு முன்னால், அப்பா எங்கள் இருவரையும் ஒரகடம் டீக்கடைக்குக் கூட்டிப்போனார். அம்மாவின் சூப்பர்வைசர் தினமும் அங்கேதான் டீ குடிப்பார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வாடகை அறையில் மூன்று பேரோடு தங்கியிருந்தவர். அம்மா ஓரமாக அவரிடம் கல்லை வைத்த காகித மடிப்பைக் கொடுத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் பிரித்துப் பார்த்தார். டீயைக் கீழே வைத்தார்.

“யாருக்கும் காட்டுனியா பாப்பா?”

“கிளாஸ்ல எல்லாருக்கும் காட்டினேன். பொட்டுக் கல்லுன்னு சொன்னேன்.”

அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து கம்பெனிப் பெண்கள் இருவர் கடைக்கு வந்தார்கள். அவர் சட்டென்று குரலை உயர்த்தினார்.

“இது நம்ம கல்லு இல்லம்மா. வெறும் பொட்டுக் கல்லு. சும்மா பயந்துகிட்டு இருக்காதிய, வீட்டுக்குப் போங்க.”

சொல்லிக்கொண்டே மடிப்பைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள் கல் இல்லையென்றால் என் கல்தானே! “அப்ப என் கல்லைக் குடுங்க,” என்றேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள்.

மதியம் போன் வந்தது. கை கழுவும் தொட்டியின் வண்டலில் கல் கிடைத்துவிட்டதாம். சூப்பர்வைசரே முழங்கை வரைக்கும் சேற்றில் விட்டுத் தேடி எடுத்தாராம். திங்கட்கிழமை வேலைக்கு வரலாம் என்றார்கள். அம்மா சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நான் கணக்குப் போட்டுக்கொண்டேன்: கல் இரண்டு. அம்மாவுடையது தொட்டியில் கிடைத்துவிட்டது. என்னுடையதை அந்த ஆள் சுருட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அம்மா அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஒரு நாள் ஆட்டோ ஸ்டாண்டில், பத்துப் பெண்கள் நிற்கும்போது, நானே கேட்டுவிட்டேன். “சார், என் கல்லு எங்க?” பளாரென்று ஓர் அறை விழுந்தது. அம்மா என்னை அடித்தது அதுதான் முதல் தடவை. “பாப்பா பொட்டுக் கல்லைக் கேக்கு,” என்று சிரித்துவிட்டு அவர் வேகமாக நடந்துவிட்டார்.

எனக்கு அந்த அறை பொறுக்கவில்லை. திருடியவரை விட்டுவிட்டு என்னை அடிப்பதா? பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன். எங்க அம்மா கம்பெனி சூப்பர்வைசர் ஒரு திருடன், கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனதை நானே பார்த்தேன் என்று. அந்த வகுப்பில் பாதிப் பேருக்கு அம்மாவோ அக்காவோ கம்பெனியில்தான் வேலை.

இருபது வயதில் நானும் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். முதல் நாள் வெளியே வரும்போது தலைமுதல் கால்வரை தடவிப் பார்த்தார்கள். காலையில் உள்ளே போகும்போது ஒருவரும் என்னைத் தொடவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. கேட்டிலேயே நின்றுவிட்டேன். ஒரு கல்லை உள்ளே கொண்டுபோக ஒரு சட்டைப்பை போதும். இருந்தது ஒரே கல்தான்; அவர் சட்டைப்பையில் போனதுதான் தொட்டிச் சேற்றில் ‘கிடைத்தது’. வெளியே தெரிந்தால் ஜெயில். ஐயோ, அந்த மனுஷனைப் போய் என்னவெல்லாம் சொன்னேன்!

என் பேச்சு அந்தக் கட்டடம்வரை போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தெரியாது. அம்மாவிடம் கேட்கும் தைரியம் இன்றுவரை வரவில்லை. நான் மூன்றாம் வகுப்பு படித்த அந்த வருஷம், பொங்கலுக்கு முன்னால் ஒரு சாயந்திரம் அம்மா வேலையிலிருந்து வந்து, பையைக்கூட இறக்காமல், “சூப்பர்வைசர் சாரை வேலைய விட்டு அனுப்பிட்டாங்கய்யா,” என்று அப்பாவிடம் சொன்னாள். அது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த நான் துள்ளி எழுந்தேன். “நல்லா வேணும்! திருடனைப் புடிச்சிட்டாங்க. நான்தான் ஸ்கூல்ல எல்லாருக்கும் சொன்னேன்,” என்றேன்.

அப்பா என் பக்கம் கையை ஓங்கினார். அம்மா குறுக்கே கைநீட்டித் தடுத்துவிட்டாள். அவள் அடிக்கவில்லை, திட்டவுமில்லை. மூச்சு விடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நல்ல சேதி சொல்லியும் இவள் ஏன் சிரிக்க மாட்டேன் என்கிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.