திரும்பாமல் நின்ற நேரம்

1994, தை மாத வெள்ளிக்கிழமை காலை. ஃபர்சானா சுவரைப் பார்த்து நின்றாள். பின்னால் அவள் தந்தை சிக்கந்தர், பதினொரு வீட்டார் சேர்ந்து பயிரிட்ட தோட்டத்து அவரைக்காயைக் கூறு போட்டிருந்தார். ஓரவஞ்சனை வரக்கூடாதென்று, கூறுகளைப் பார்க்காதவர்தான் பெயர் சொல்வது அவர்கள் வழக்கம்.

“இது யாருக்கு அம்மணி?”

“பாலுசாமி அண்ணன் ஊட்டுக்கு.”

“எஞ்சினியரம்மாவுக்கு முதுகுலயும் கண்ணா? பெரிய கூறாப் பாத்து அவருக்குக் குடுக்கறயே.”

“எல்லாம் ஒண்ணுதானுங்கத்தா. நீங்கதான போட்டீங்க.”

அத்தா சிரித்தார். அடுத்த கேள்வி வரவில்லை. கூறுகளைச் சரிசெய்கிறார் என்று நினைத்தாள். ஆறு வயதிலிருந்து அவள்தான் பெயர் சொல்கிறாள்; ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. “சொல்லுங்கத்தா” என்று இருமுறை கேட்டபிறகே திரும்பினாள். அவர் அவரைக்காய்கள்மேல் சாய்ந்து கிடந்தார். மூச்சு இல்லை.

இதயம் சட்டென்று நின்றிருக்கும், முன்பே திரும்பியிருந்தாலும் பயனில்லை என்றார் டாக்டர். எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று அவளால் கணக்கிட முடியவில்லை. அரை நிமிடமா, மூன்று நிமிடமா? இயந்திரங்களை நொடிக்கணக்கில் சோதிப்பவள் அவள்.

மற்ற வீட்டார் பைகளோடு வந்து, காயைத் தொடாமல் நின்றார்கள். தோட்டத்தில் அடுத்த போகத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீரும் விட்டாயிற்று. தொழுகை முடிந்ததும் அன்னூர் போய்த் தக்காளி நாற்று வாங்கி வருவதாக அத்தா சொல்லியிருந்தார்.