'ப்ளெயின்' என்ற அட்டை

மிசோ சூப்பை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு இசொகாய் கிண்ணத்தைக் கீழே வைக்கிறார். "சூடா இருக்கா?" என்று மனைவி சனாயே கேட்டு ஒரு நிமிடம் ஆகிவிட்டது. ஹாட் என்பதா, வார்ம் என்பதா? இரண்டுக்கும் நடுவில் 'லூக்வார்ம்' என்று ஒன்று இருக்கிறதே, சூப்புக்கு அது பாராட்டா, புகாரா? "நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள ஆறிடும். அப்புறம் எல்லாத்துக்கும் ஒரே சொல்தான்" என்று சனாயே அடுத்த தட்டை எடுக்கப் போகிறார்.

இசொகாய்க்கு ஐம்பத்தேழு வயது. ஜப்பானில் நிகாதா பக்கம் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். ஆங்கிலம் பேசும் நாடு எதையும் பார்த்ததில்லை. ஒருமுறை ரயில் நிலையத்தில் ஒரு வெள்ளைக்காரர் வழி கேட்டார். 'ஸ்ட்ரீட்' என்பதா, 'ரோட்' என்பதா என்று இவர் முடிவு செய்வதற்குள் அந்த மனிதர் வேறு யாரிடமோ கேட்டுக்கொண்டு போய்விட்டார். இந்தக் கதையை இவரே ஆசிரியர் அறையில் வருடத்துக்கு இரண்டு தடவை சொல்லிச் சிரிப்பார். "எனக்கு இங்கிலீஷ் பேசவா வருது? ஒரு சொல்லுக்கும் இன்னொரு சொல்லுக்கும் சண்டை மூட்டி விடத்தான் வரும்."

அந்தச் சண்டைகள் எல்லாம் வீட்டில் காலி பிஸ்கட் டப்பாக்களில் அட்டைகளாகக் கிடக்கின்றன. நடுவில் ஒரு சொல், சுற்றிலும் அதன் பங்காளிகள். யார் எங்கே ஒத்துப்போவார்கள், எங்கே முறைத்துக்கொள்வார்கள் என்று பொடி எழுத்தில் குறிப்பு. 'அலோன்' என்றால் கூட ஆள் இல்லை, அவ்வளவுதான். 'லோன்லி' என்றால் ஆள் இல்லாதது வலிக்கிறது. இப்படி நாலாயிரத்துச் சொச்சம். "உலகத்துக்கு இது இல்லாம ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு பாருங்க" என்று டப்பாவைத் தட்டிக்கொள்வார்.

பள்ளியின் நுழைவுத் தேர்வுக்கு ஆங்கில வினாத்தாள் எழுதுபவர் இவர்தான். பதினான்கு வருடமாக அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டதில்லை. இந்தப் பிப்ரவரித் தேர்வில் ஒரு கேள்வி வைத்தார். 'அவளுடைய பதில் ப்ளெயினாக இருந்தது' என்று வாக்கியம். அதற்கு மிக நெருக்கமான சொல் எது? விடை, 'க்ளியர்'. 'சிம்பிள்' என்று எழுதியவர்களுக்கு மூன்று மதிப்பெண் போயிற்று. தேர்ச்சி பெற்றவர்களின் எண்களைப் பலகையில் ஒட்டினார்கள். ஒட்டிய மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, டப்பாவை அடுக்கும்போது ஒன்பது வருடத்துக்கு முந்தைய 'ப்ளெயின்' அட்டை கையில் வந்தது. அவருடைய கையெழுத்தேதான்: "பதிலைப் பற்றிச் சொல்லும்போது க்ளியர், சிம்பிள் இரண்டும் பொருந்தும். இதைத் தேர்வில் கேட்டுவிடாதே, முட்டாளே."

மறுநாள் விடிந்ததும் பள்ளிக்குப் போய் விடைத்தாள்களைப் புரட்டினார். 'சிம்பிள்' எழுதியவர்கள் முப்பத்தொரு பேர். முப்பது பேருக்கு அந்த மூன்று மதிப்பெண்ணால் எதுவும் மாறப்போவதில்லை. ஒரே ஒரு பெண், 214ஆம் எண், இரண்டு மதிப்பெண்ணில் தோற்றிருந்தாள்.

அவர் போய் விஷயத்தைச் சொன்னதும், துணைத் தலைமையாசிரியை குமாகிரி கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "யாராவது கேட்டாங்களா சார்?"

"இல்ல மேடம்."

"டியூஷன் சென்டர்காரங்க?"

"அவங்களும் க்ளியர்னுதான் விடை போட்டிருக்காங்க."

"அப்புறம் நீங்களா ஏன் போய்க் கிளப்புறீங்க? டிவிக்காரன் முன்னாடி நாம வரிசையா நின்னு குனிஞ்சு மன்னிப்புக் கேக்கணும். பேப்பர்ல உங்க பேர் வரும். இனிமே வினாத்தாள் உங்க கைக்கு வராது, அது தெரியுமில்ல?"

தெரியும். தன்னுடைய ஆங்கிலத்துக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே உபயோகம் அந்த வினாத்தாள்தான். அதுவும் போனால், சூப் ஆறும்வரை யோசிக்கிற ஒரு கிழவன்தான் மிச்சம். அட்டையைத் திரும்ப டப்பாவில் போட்டு மூடிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது என்றும் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது.

"அந்தப் பொண்ணு தன்னை மக்குன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்கும் மேடம். மக்கு நான். பட்டத்தையாவது சரியான ஆளுக்குக் கொடுத்துடலாமே" என்றார்.

குமாகிரி தலைமையாசிரியரைக் கூப்பிடத் தொலைபேசியை எடுத்தார்.

மறுநாள் கேமராக்களுக்கு முன்னால் மூன்று பேர் குனிந்தார்கள்: தலைமையாசிரியர், குமாகிரி, இசொகாய். இவர் குனிந்தவர் நிமிர மறந்துவிட்டார். அதற்கடுத்த நாள் செய்தித்தாளில் படம் வந்தது. "மூஞ்சியே வரல, வழுக்கை மண்டை மட்டும்தான் வந்திருக்கு. தப்புப் பண்ணின உறுப்பைத்தான் போட்டிருக்கான்" என்று சனாயேவிடம் காட்டினார். சனாயே சிரிக்கவில்லை. அவருடைய கோட்டிலிருந்த பனியைத் தட்டிவிட்டார்.

அன்று மாலை குமாகிரியும் அவரும் மன்னிப்புக் கேட்க, வழக்கப்படி இனிப்புப் பெட்டியோடு 214ஆம் எண்ணின் வீட்டுக்குப் போனார்கள். முன்புறம் முடிதிருத்தும் கடை. அப்பா ஹோஷினா கையில் கத்தரிக்கோல், நாற்காலியில் பாதி வெட்டிய தலையோடு ஒரு வாடிக்கையாளர்.

"பொண்ணு அஞ்சு நாளா சரியா சாப்பிடல" என்றார் ஹோஷினா. "இப்ப வந்து சேத்துக்கிறோம்னா, போன அஞ்சு நாளைத் திருப்பிக் கொடுப்பீங்களா?"

"முடியாதுங்க. முழுக்க என் தப்பு. மன்னிச்சிடுங்க." இசொகாய் ஈரத் தரையில் மண்டியிட்டார். நாற்காலியில் இருந்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் போர்த்திய துணியோடு தானும் எழுந்து குனிந்தார்.

உள்ளேயிருந்து அந்தப் பெண் வந்தாள். பெயர் மினோரி. கண்ணிமை வீங்கியிருந்தது. தேர்வறையிலிருந்து கொண்டுவந்த வினாத்தாளைப் பிரித்து நீட்டினாள். தான் தேர்ந்தெடுத்த 'சிம்பிள்' மேல், டியூஷன் சென்டர் விடையைப் பார்த்துவிட்டு, தாள் கிழியும் அளவுக்கு அவளே பெருக்கல் குறி போட்டிருந்தாள்.

"இந்தக் கேள்வியா சார்?"

"அதான்மா."

"அப்போ நான் சரியாத்தான் எழுதினேனா?"

"நீ சரியாத்தான் எழுதினே. தப்பாத் திருத்தினவன் நான்."

மண்டியிட்டபடியே சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தக் குறியைச் சுற்றி, சரியான விடைக்குப் போடும் வட்டத்தைப் போட்டார். அவள் நீட்டிய தாள் அந்தரத்தில் அசைந்தது. வட்டம் கோணிக்கொண்டு போய் முனைகள் சேராமல் நின்றது. மினோரி அவர் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த இரண்டு முனைகளையும் சேர்த்தாள்.