மேலே ஏறி என்ன செய்வார்கள்?

சுத்தியலம்மா என்றால் அந்த நகரத்தில் பந்தல் போடுகிறவர், மேடை கட்டுகிறவர் எல்லாருக்கும் தெரியும். நகராட்சிக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், ஜன்னல் சரியாக மூடாத ஓர் அறையில் அவருக்கு உத்தியோகம். பொது நிகழ்ச்சிக்கென்று யார் எதைத் தற்காலிகமாகக் கட்டினாலும், மேடையோ கூடாரமோ நுழைவு வளைவோ, அவர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதில் ஆள் ஏறலாம், அடியில் ஆள் நிற்கலாம். பத்தொன்பது வருஷமாக இதே வேலை.

மேடையைப் பார்க்க வருகிற மற்ற அதிகாரிகள் முன்னால் நின்று பார்ப்பார்கள். இவர் வந்ததும் வராததுமாகக் கைப்பையை யாரிடமாவது கொடுத்துவிட்டு மேடைக்கு அடியில் புகுந்துவிடுவார். முழங்காலில் தவழ்ந்துகொண்டே, கம்பியும் கம்பியும் சேருகிற ஒவ்வொரு பூட்டிலும் சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு. இறுகியிருந்தால் கணீரென்று கேட்கும். தளர்ந்திருந்தால் தொண்டை கட்டியவர் பேசுகிற மாதிரி கரகரக்கும். அவர் காதைச் சாய்த்துக் கேட்பதைப் பார்த்த ஒரு புது ஆள், "என்ன டாக்டரம்மா, கம்பிக்குக் காய்ச்சலா?" என்று கிண்டல் செய்தான்.

"கம்பிக்கு ஒண்ணும் இல்லப்பா. முறுக்கினவருக்குத்தான் கையில தெம்பு இல்ல. இந்த நாலையும் மறுபடி முறுக்கு."

அதன் பிறகு அவன் கிண்டல் செய்ததில்லை.

வெளியே வந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டே கடைசியாக ஒரு கேள்வி கேட்பார். "மேல ஏறி என்ன பண்ணுவாங்க?" விண்ணப்பப் படிவத்தில் நீளம் உண்டு, அகலம் உண்டு, எத்தனை பேர் என்பது உண்டு. அந்தப் பேர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது. ஒருமுறை ஒருவர், "ஒண்ணுமில்லம்மா, பரிசு குடுக்கிறதுதான்" என்றார். என்ன பரிசு என்று விடாமல் கேட்டதில், மோட்டார் சைக்கிள் என்றும், ஜெயித்தவர் அதை மேடையிலேயே ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார் என்றும் மெல்ல வெளியே வந்தது.

இந்தக் கேள்வியைப் பத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் அவர் கேட்காமல் விட்டார். பள்ளிகள் எல்லாம் சேர்ந்து நடத்திய இசை விழா அது. விளையாட்டு மைதானத்தில் எட்டு வரிசைப் படிமேடை. அதில் நூற்றறுபது பிள்ளைகள் நின்றபடி பாடப்போகிறார்கள். அவருடைய மகளும் அதில் ஒருத்தி. மூன்று மாதமாகக் குளியலறையிலும் சாப்பாட்டு மேசையிலும் அதே பாட்டுகள். என்ன செய்யப்போகிறார்கள் என்று இதற்கு மேலும் கேட்க வேண்டுமா? புதன்கிழமை தட்டிப் பார்த்தார், எல்லாப் பூட்டும் கணீர். கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவர் மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். உள்ளறையில் மகள் பாடிக்கொண்டிருந்தாள். திடீரென்று மேசை மேல் இருந்த டம்ளரில் தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கியது. கீழ்வீட்டுக்காரர் குச்சியால் கூரையைத் தட்டினார். "மேல என்ன, யானை வளக்கிறீங்களா?"

"மன்னிச்சுக்கோங்க அண்ணே!" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். மகள் இடுப்பில் கைவைத்து, ஒன்று இரண்டு எண்ணி, தரையை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

"கடைசிப் பாட்டும்மா. மிஸ் போன வாரம்தான் சேர்த்தாங்க. எல்லாரும் ஒரே நேரத்துல மிதிக்கணும். முப்பத்திரண்டு தடவை. நான்தான் மேல் வரிசைக்கு லீடர்."

"எல்லாருமா? ஒரே நேரத்துலயா?"

"ஆமா. ஒருத்தர் பிசகினாலும் மிஸ் கொன்னுடுவாங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நூற்றறுபது பேர் நின்றால் அது பாரம். நூற்றறுபது பேர் ஒரே தாளத்தில் மிதித்தால் அது உலுக்கல். நிற்கிற பாரத்தைத் தாங்கத்தான் அந்தப் படிமேடை கட்டப்பட்டிருந்தது. அதற்குத்தான் அவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்ததுமே மகளுக்குப் புரிந்துவிட்டது. "அம்மா, நீ மட்டும் இதை நிறுத்தினே, அப்புறம் நான் உன்கூடப் பேசவே மாட்டேன். பார்த்துக்கோ."

இரவுச் சாப்பாட்டில் மூன்று தட்டுகளின் சத்தம்தான் கேட்டது. பேக்கரியில் வேலை பார்க்கும் கணவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என் அடுப்பு தேவலை, இந்த அளவுக்குச் சுடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அவர் மைதானத்தில் இருந்தார். மேடைக்காரர் பருத்த மனிதர், எதற்கும் பதறாதவர். "என்ன சுத்தியலம்மா, கையெழுத்துதான் போட்டாச்சே?"

"போட்டேன். அதை எடுக்க வந்திருக்கேன். உங்க ஆளுங்க எத்தனை பேர்?"

"பன்னிரண்டு."

"எல்லாரும் மேல் வரிசைக்கு ஏறுங்க. நீங்களும்தான். நான் எண்ணுறேன், ஒண்ணா மிதிக்கணும்."

"இந்த உடம்பை வெச்சுக்கிட்டு நான் டான்ஸ் ஆடணுமா?"

"ஏறுங்க."

அவர் அடியில் படுத்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார். பத்துக்கு மேல் பின்பக்கத் தூண்கள் இடமும் வலமும் ஆடத் தொடங்கின. முதலில் நூலளவு, பிறகு விரலளவு. முப்பத்திரண்டில் நிறுத்தச் சொல்லிவிட்டு, புதன்கிழமை கணீரென்ற பூட்டுகளைத் தட்டினார். மூன்று கரகரத்தன. வெறும் பதின்மூன்று பேருக்கே இந்தக் கதி.

மேடைக்காரர் மூச்சிரைக்க இறங்கி வந்து, தானே குனிந்து அந்த மூன்றையும் தொட்டுப் பார்த்தார். "குறுக்குக் கம்பி இன்னும் ஒரு வண்டி வேணும். வெளியூர்லேர்ந்துதான் வரணும். திங்கட்கிழமைதான் ஆகும்மா."

விழா சனிக்கிழமை.

மூன்றாவது மாடியில் மேலதிகாரி கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காத்து பலமா அடிக்கும்னு காரணம் போட்டு ரத்து பண்ணிடுங்க. உங்க பேரு எதுக்குக் கெடணும்?"

"காத்து எங்க சார் அடிச்சுது?" என்றார் அவர். அனுமதிக் கோப்பை இழுத்து, தன் கையெழுத்துக்குக் கீழேயே எழுதினார்: 'மேடையில் என்ன செய்வார்கள் என்று நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது. பிள்ளைகள் ஏற அனுமதி ரத்து.'

மறுபடி மைதானத்துக்கு வந்தபோது இசை ஆசிரியை கண்கள் சிவக்கக் காத்திருந்தார். "மிதிக்கிறதை எடுத்துடறேன் மேடம். பாட்டு மட்டும் பாடட்டும்."

"எடுப்பீங்க. கடைசிப் பாட்டுல உற்சாகம் வந்து நாலு பேர் ஆரம்பிச்சா, மத்தவங்க சும்மா இருப்பாங்களா? என் வீட்லயே ஒருத்தி இருக்கா, எனக்குத் தெரியும்." அவர் மைதானத்தைச் சுற்றிலும் பார்த்தார். மூன்று பக்கமும் ஜனங்கள் உட்கார சிமெண்டுப் படிகள். நடுவில் புல்தரை. "தரையில நின்னு மிதிக்கட்டும். படியில உக்கார்றவங்களுக்கு மேலேர்ந்து நல்லாவே தெரியும். தரைக்கு என் கையெழுத்து வேண்டாம்."

ஆசிரியைக்கு முகம் மலர்ந்தது. "அப்ப தரையில போட்டிருக்கிற விருந்தினர் நாற்காலி எல்லாம்?"

"மேடையில போடுங்க. கீழ் ரெண்டு வரிசையில, இருபது பேர். அதுக்குப் புதுசா எழுதித் தர்றேன்."

"அவங்க கைதட்டுவாங்களேம்மா?" என்றார் மேடைக்காரர், பயந்த மாதிரி.

"ஒண்ணாத் தட்டுற பழக்கம் அவங்களுக்குக் கிடையாது. கவலைப்படாதீங்க."

அன்று ராத்திரி மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். மேல் வரிசை லீடருக்கு இப்போது மேல் வரிசையே இல்லை. கதவுக்கு வெளியே நின்று அவர் எல்லாவற்றையும் சொன்னார். உள்ளே விளக்கு அணைந்தது.

சனிக்கிழமை படிகள் நிரம்பி வழிந்தன. பிள்ளைகள் புல்லில் பிறை வடிவத்தில் நின்றார்கள். மகள் பிறையின் ஒரு முனையில். எதிரே மேடையில் விருந்தினர்கள், துவைத்து மடித்த சட்டைகள் மாதிரி விறைப்பாக. அவர் மேடைக்கு அடியில் இன்னொரு தடவை தவழ்ந்து பார்த்துவிட்டு வந்து, ஒரு கையில் சுத்தியலோடு, மேடையோரம் ஒரு கம்பியில் மறு உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

கடைசிப் பாட்டு வந்தது. நூற்றறுபது கால்கள் ஒன்றாக இறங்கின. தரை அதிர்ந்தது, அவருடைய நெஞ்சுக்குள்ளும் அது கேட்டது. மேடையில் அது நடந்திருந்தால் என்று நினைத்ததும் கம்பியை இன்னும் இறுகப் பிடித்தார். படிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். இருபதாவது மிதிப்பில் உள்ளங்கைக்குள் கம்பி வேறு மாதிரி துடித்தது. நிமிர்ந்து பார்த்தார். தலைமை விருந்தினர், வெள்ளைச் சட்டைக்காரர், தன்னை மறந்து பலகையை மிதித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த நான்கு பேரின் கால்களும் சேர்ந்துகொண்டன.

அவர் சுத்தியலை உயர்த்தி வெள்ளைச் சட்டைக்காரரை நேராகப் பார்த்தார். தலையை இடமும் வலமுமாக ஒரு தடவை ஆட்டினார். மனிதர் காலைச் சட்டென்று நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட முகம். மற்ற நான்கு பேரின் கால்களும் நின்றன.

முப்பத்திரண்டு முடிந்து கைதட்டல் ஓயும் முன்பே மகள் புல்லைக் கடந்து ஓடி வந்தாள். முகமெல்லாம் வேர்வை.

"அம்மா! அந்தப் பெரியவரைப் பார்த்து நீ சுத்தியலைக் காட்டினியா?"

"காட்டினேன்."

"எல்லாரும் பார்த்துட்டாங்கம்மா. எனக்குச் சிரிப்புல முப்பதாவது மிதியே பிசகிடுச்சு."

"உங்க மிஸ் கொன்னுடுவாங்களே?"

"உன்னைத்தான் கொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டு, மண் ஒட்டிய அவருடைய முழங்காலைத் தன் கையாலேயே தட்டிவிட்டாள்.