அருமைநாயகி மிசி ஆறு கேட்ட நாள்

அருமைநாயகியைச் சிறந்த சீட்டாட்டக்காரி என்று நான் சொல்லமாட்டேன். எந்தச் சின்னச் சீட்டு போய்விட்டது, எது இன்னும் வெளியில் நிற்கிறது என்பதைப் பாதி ஆட்டத்தில் மறந்துவிடுவார். ஆனால் ஒரு விஷயத்தில் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கேட்டதற்குப் பதில் சொல்வார். கேட்காததைச் சொல்லமாட்டார். பதினொரு வருடமாக அவருக்குக் கூட்டாளியாக எதிரில் இருந்து விளையாடும் இராசநாயகம், இதைத்தான் அவருடைய பெரிய குணம் என்பார். அது குணமா, பழக்கமா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்தது.

அருமைநாயகி குருநகரில் பிறந்தவர். முப்பத்துநான்கு வருடம் பிரசவம் பார்க்கும் மருத்துவமாதாக வேலை செய்தவர். ஓய்வுபெற்று இத்தனை காலமாகியும் ஊரில் எல்லோருக்கும் மிசிதான். கணவர் இறந்தபின் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பலாலி வீதிக்கு உள்ளே ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு முன்னறைக்கு வருவார். புத்தூரிலிருந்து இராசநாயகம் மோட்டார் சைக்கிளில் வருவார். நில அளவையாளராக இருந்தவர், வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் எல்லைக்கற்களைப் பார்த்தவர். நாலாவது ஆள் வின்சன்ற், படகு எஞ்சின் திருத்துகிறவர். வாத்தியாராக இருந்த எனக்கு அவர் கூட்டாளி.

நாங்கள் எல்லோரும் முன்னூற்றுநாலு என்ற சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவர்கள். கொழும்பில் பயிற்சியில் இருந்தபோது பிரிட்ஜ் பழகிய இராசநாயகம்தான் எங்களுக்கும் அதைப் பழக்கினார். முன்னூற்றுநாலில் ஜாக்குத்தான் எல்லாவற்றுக்கும் மேலே; பிரிட்ஜில் ஆசு, அதாவது ஏஸ். அதனால் முதல் ஆறு மாதமும் வின்சன்ற், யாரோ இறக்கிய ஆசின்மேல் ஜாக்கை எறிந்துவிட்டு, வென்றவர்போலச் சீட்டுகளை வாரிக்கொள்வார்.

பிரிட்ஜில் நாலு சீட்டுக்கு ஒரு பிடியாகப் பதின்மூன்று பிடிகள்; முதல் ஆறு பிடி கேள்விக் கணக்கில் சேராது. அதில் பன்னிரண்டை எடுப்போம் என்று துணிந்து ஆறு கேட்பதற்கு ஸ்லாம் என்று பெயர். அதற்குப் போகுமுன் ஒருவர் “நாலு நோ ட்ரம்ப்” என்பார். உன் கையில் எத்தனை ஆசு என்பது அதன் அர்த்தம். கூட்டாளி எண்ணிக்கையை மட்டும் சீட்டு இனத்தின் பெயரால் குறியாகச் சொல்லவேண்டும். ஐந்து கிளாவர் என்றால் ஒன்றுமில்லை. ஐந்து டைமன் என்றால் ஒன்று. ஐந்து ஆட்டின், அதாவது ஹார்ட்ஸ், என்றால் இரண்டு. அதற்குப் பிறகு முடிவு கேட்டவருடையது. போதாது என்று அவர் ஐந்தில் நிறுத்தினால், பதில் சொன்னவர் பாஸ் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கவேண்டும். அருமைநாயகி பதினொரு வருடம் அப்படித்தான் இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை அவர் அரை மணித்தியாலம் பிந்தி வந்தார்.

“என்ன மிசி, ஆற்றையேன் பிள்ளைப்பெறு பாத்திட்டோ வாறியள்?” என்றார் வின்சன்ற்.

“ஒரு பிள்ளை வீட்டை வந்திட்டுது.” அவர் கைப்பையைக் கதிரையின் பின்னால் கொழுவினார். “கீர்த்திகா எண்டு பேர். கம்பஸிலை படிக்குது. உந்த ஒழுங்கையிலைதான் றூம் எடுத்து இருக்குதாம். பிறந்த அண்டைக்கே தாய் செத்துப்போச்சு. நாகேஸ்வரி எண்டு. அண்டைக்கு டியூட்டியிலை நிண்டது நான்.”

வின்சன்ற் சிரிப்பை நிறுத்தினார். “என்ன கேட்டது பிள்ளை?”

“அம்மா நோப்பட்டோ செத்தவ எண்டு கேட்டது. இல்லை எண்டன். அது உண்மை. நித்திரை மாதிரித்தான் போனவ.”

“பிறகு?”

“பிறகு ஒண்டும் கேக்கேல்லை. கும்பிட்டிட்டு எழும்பிட்டுது. கம்பஸ் லீவாம், ஐஞ்சு மணி பஸ்ஸிலை வல்வெட்டித்துறைக்குத் தகப்பனிட்டைப் போகுதாம்.” கொஞ்சம் நிறுத்தி, “அது கேக்காத ஒண்டு கிடக்கு. சொல்லுறதோ விடுறதோ எண்டு தெரியேல்லை,” என்றார்.

“கேக்காட்டி விடுங்கோ மிசி,” என்றார் இராசநாயகம் சீட்டைக் கலைத்தபடி. “கேட்டதுக்குச் சொன்னாக் காணும். மிச்சம் சொல்லப்போய்த்தான் உலகத்திலை எல்லாக் கரைச்சலும்.”

விளையாடத் தொடங்கினோம்.

மூன்றாவது ஆட்டத்தில் என் கையில் இரண்டு ஆசுகள் இருந்தன, ஆட்டினும் டைமனும். இராசநாயகம் ஸ்பேட்டைத் துருப்பாக்க ஒரு ஸ்கோப்பன் கேட்டார். அருமைநாயகி மூன்றுக்கு உயர்த்தினார். இராசநாயகம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, “நாலு நோ ட்ரம்ப்” என்றார்.

“ஐஞ்சு டைமன்.” ஒரு ஆசு.

இராசநாயகத்தின் கையிலும் ஒன்றுதான் இருக்கவேண்டும். மற்ற இரண்டும் என்னிடம். அவரும் அதை அறிந்து, “ஐஞ்சு ஸ்கோப்பன்” என்று நிறுத்தினார். நான் பாஸ் சொன்னேன். அந்த ஆட்டத்தின் பேச்சு அத்துடன் முடிந்துவிட்டது என்றே எண்ணினேன்.

“ஆறு ஸ்கோப்பன்,” என்றார் அருமைநாயகி.

வின்சன்றின் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை அப்படியே நின்றது. இராசநாயகம் கூட்டாளியை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நினைவிருக்கிறது. அளந்து வேலி அடைத்த காணிக்குள் இன்னொருவர் நிற்பதைக் கண்டவரின் பார்வை.

“மிசிக்கு இண்டைக்குப் பிறஷர் ஏறியிட்டுது,” என்றார் வின்சன்ற் மெதுவாக.

புள்ளி இரட்டிப்பாகட்டும் என்று நான் டபிள் சொன்னேன். இரண்டு ஆசு கையில் இருக்கும்போது யார்தான் சொல்லமாட்டார்கள்? முதல் சீட்டு என்னுடையது. டைமன் ஆசுச் சீட்டை மேசையில் வைத்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

அருமைநாயகி தன் கைச்சீட்டுகளை, ஆட்ட விதிப்படி, மேசையில் விரித்து வைத்தார். ஐந்து ஸ்கோப்பன். நாலு ஆட்டின். நாலு கிளாவர். டைமன் ஒன்றுகூட இல்லை.

என் ஆசு ஒரு சின்ன ஸ்கோப்பனுக்கு வெட்டுப்பட்டது. ஆட்டின் ஆசு மட்டும் ஒரு பிடி எடுத்தது. வேறு எதை இறக்கியிருந்தாலும் அதே முடிவுதான். அன்று மாலை பலமுறை சரிபார்த்துவிட்டேன். பன்னிரண்டு பிடி. ஸ்லாம்.

இராசநாயகம் சந்தோசப்படவில்லை. முகம் வெளிறியிருந்தது.

“நான் கேட்டன். நீங்கள் சொன்னீங்கள். நான் முடிவெடுத்தன். பிறகேன் வாய் திறந்தனீங்கள்?”

“ஆசு எத்தினை எண்டு கேட்டீங்கள். சொன்னன். டைமனே இல்லாத கை எண்டு நீங்கள் கேக்கேல்லை அண்ணை.”

“அதைக் கேக்க அந்தக் கேள்வியிலை இடமில்லையே.”

“ஓம். அதான்.”

இராசநாயகம் சீட்டுகளை அடுக்கினார். பிறகு திடீரென்று, “இதுக்கு முந்தியும் இப்பிடிக் கை வந்ததோ?” என்றார்.

“மூண்டு தரம் வந்தது.”

“மூண்டு தரமும் ஸ்லாம் இருந்ததோ?”

“ரெண்டு தரம் இருந்தது. பாஸ் சொல்லிப்போட்டு வீட்டை போனனான்.”

“பதினொரு வருசம்!” என்றார் இராசநாயகம். “பதினொரு வருசமா நான் என்னத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தனான்?”

அருமைநாயகி மேசையைப் பார்த்தபடி கதைத்தார். சொல்லப்போவதை மனதில் பலமுறை சொல்லிப்பார்த்தவர்போல இருந்தது.

“ரெண்டாயிரத்தாறு. சண்டையாலை பாதை பூட்டியிருந்த காலம். டொக்டர் வேறை இடத்திலை. போனிலை கேட்டார், பிறஷர் என்ன, நாடி என்ன, பிள்ளையின்ரை துடிப்பு என்ன எண்டு. மூண்டும் சொன்னன். மூண்டும் நல்லா இருந்தது. அப்ப நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கோ எண்டார். ஓம் எண்டு வைச்சிட்டன். நாகேஸ்வரி காலமை தொடக்கம் என்ரை கையைப் பிடிச்சபடி. ‘மிசி, எனக்கு ஏதோ செய்யப்போகுது, நான் தப்பமாட்டன்’ எண்டு. அவவுக்கு அது மூண்டாம் பிள்ளை. பயந்த மனிசியில்லை. எனக்கும் மனசுக்கை தைச்சது. டொக்டர் கேக்கேல்லை. நான் சொல்லேல்லை. பின்னேரம் பிள்ளை பிறந்தது. அரை மணித்தியாலத்திலை தாய் போயிட்டா.”

அருமைநாயகி முன்னாலிருந்த சீட்டொன்றை நேராக்கினார்.

“விசாரணை வைச்சினம். டொக்டர் கேட்டதுக்கெல்லாம் சரியாப் பதில் சொன்னனீங்களோ எண்டு கேட்டினம். ஓம் எண்டன். என்னிலை பிழையில்லை எண்டு கடிதம் தந்தவை. இப்பவும் அலுமாரியிலை கிடக்கு.”

கேள்வி என்பது தெரியாததைத் தேடிப் போவது என்று படித்திருக்கிறேன். அந்த மேசையில் இருந்தபோதுதான் மறுபக்கம் உறைத்தது. கேட்பவர் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதற்குக் கேள்வியே எல்லையும் போட்டுவிடுகிறது. அந்த எல்லைக்குள் நின்று உண்மை மட்டுமே சொன்ன ஒருத்திக்குக் கிடைத்தது அந்தக் கடிதம்.

இராசநாயகம் சுவர்மணிக்கூட்டைப் பார்த்தார். நாலு இருபத்தைந்து.

“ஐஞ்சு மணி பஸ் எண்டெல்லோ சொன்னீங்கள்? எழும்புங்கோ.”

“அந்தப் பிள்ளை கேக்கேல்லை அண்ணை.”

“ஐஞ்சிலை நிப்பாட்டேக்கை நானுந்தான் கேக்கேல்லை. எழும்புங்கோ மிசி.”

மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கைக்குள் போய் அடங்கியது. வின்சன்றும் நானும் விரித்த சீட்டுகளின் முன்னால் இருந்தோம்.

“மாஸ்ரர், உதைச் சொல்லி என்ன பலன்? தாய் சாகமுந்திப் பயந்தவ எண்டு அறிஞ்சு அந்தப் பிள்ளை என்ன செய்யிறது?” என்றார் வின்சன்ற்.

எனக்கும் அதே எண்ணம்தான். சொல்கிறவரின் பாரம் இறங்குவதற்காகக் கேட்கிறவரின் தலையில் ஏற்றுவதை நான் நேர்மை என்று ஒத்துக்கொள்வதில்லை. அதை வின்சன்றிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

ஐந்தேகாலுக்கு இராசநாயகம் தனியாகத் திரும்பி வந்தார். கதிரையில் இருக்காமல் வாசலிலேயே நின்றார்.

“சொன்னாவோ?” என்றேன்.

“சொன்னா. றூம் கேற்றடியிலை வைச்சு. நான் பக்கத்திலைதான் நிண்டனான். பிள்ளை அழேல்லை. ‘எனக்குத் தெரியும் மிசி’ எண்டுது.”

“என்னது?”

“காலமை சாப்பாடு கொண்டுபோன தகப்பனிட்டையும் தாய் அதைத்தான் சொன்னதாம். விசர்க்கதை கதையாதை எண்டு ஏசிப்போட்டு வந்திட்டாராம் அந்தாள். தனக்கு மட்டுந்தான் சொன்னவ, தான்தான் கேக்காமல் விட்டிட்டன் எண்டு இருபது வருசமா நித்திரையில்லையாம் மனிசனுக்கு. அதை வேறை ஆரும் காதாலை கேட்டவையோ எண்டு அறியத்தான் பிள்ளை மிசியிட்டை வந்தது. வந்த இடத்திலை கேக்க வாய் வரேல்லையாம். அதாலைதான் நோவைப் பற்றிக் கேட்டதாம்.”

வின்சன்ற் மேசையில் கையை ஊன்றி எழுந்தார். “மாதாவே!” என்றார்.

“மிசி எங்கை?” என்று நான் கேட்டேன்.

“பஸ்ஸிலை. பிள்ளையோடை வல்வெட்டித்துறைக்குப் போறா, தகப்பனிட்டைச் சொல்ல.”

மிசியின் கைப்பை கதிரையின் பின்னால் கொழுவியபடியே இருந்தது. இராசநாயகம் அதைக் கண்டார். எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மறுபடியும் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.